35 அங்குல டயர் போட்ட ஜீப்புக்கு கியரா, சூப்பர்சார்ஜரா?

4 மார்ச் 2018, வந்த கேள்வி

"2014 ஜீப் ராங்ளர், நாலு கதவு, சஹாரா, ஆட்டோமேட்டிக், ஆக்ஸில் 3.73. இரண்டரை அங்குலம் தூக்கி 35 டயர் போட்ட நாளிலிருந்து வண்டிக்கு உயிரே இல்லை. டென்வரிலிருந்து மேற்கே மலையேறினால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். முன்னும் பின்னும் 4.88 கியர் மாற்ற 2,100 டாலர் சொல்கிறார்கள். சூப்பர்சார்ஜர் என்றால் பொருத்துகிற கூலியோடு 8,500. காசை விடுங்கள், எது சரி?"

4 மார்ச், இரவு

என் வண்டியும் அச்சு அசல் இதுதான். அதே வருடம், அதே 3.6 லிட்டர் வி6, அதே ஐந்து கியர் ஆட்டோ. ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய 32தான் பின்னால் தொங்குகிறது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

என் பதில்: சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற மெஷின். 3.73, 4.88 என்கிற எண்கள், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆக்ஸிலுக்கு வருகிற தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு. ஆக்ஸில் கியரை மாற்றினால் இன்ஜினில் ஒரு ஹார்ஸ்பவர்கூட ஏறாது. 285 தான், அதுவும் 6,400 ஆர்பிஎம்மில். மேட்டில் வேகத்தைக் குறையாமல் வைத்திருப்பது பவர். ஆக்ஸில் கியர் செய்கிற வேலையை கியர்பாக்ஸ் ஒரு கியர் இறங்கினாலே செய்துவிடும். அதற்கு எதற்கு 2,100 டாலர்?

5 மார்ச்

நேற்று எழுதியது பாதிதான் சரி. தூக்கம் வராமல் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன்.

35 என்று விற்கிற டயர் வண்டியில் மாட்டி அளந்தால் எனக்கு 34.5 தான் வருகிறது. சஹாராவின் பழைய டயர் 32.1. மணிக்கு 60 மைலில் மூன்றாவது கியரில் பழைய டயரோடு இன்ஜின் 3,300 சுற்று. புதிய டயரோடு 3,070. அந்தச் சுற்றில் முழுக்க மிதித்தாலும் மேட்டில் வேகம் நிற்காது. சரி, இரண்டாவது கியருக்கு இறங்கு என்றால் ஒரே தாவலில் 4,770. வண்டி ஊளையிடும். காலைத் தரையோடு அழுத்தினால் ஒழிய ஆட்டோ கியர்பாக்ஸ் அங்கே போகவே போகாது, போனாலும் நாலு நொடியில் திரும்பி வந்துவிடும்.

அதாவது இந்தக் கியர்பாக்ஸில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். இரண்டாவது கியரின் விகிதம் 2.19, அடுத்தது 1.41. நமக்கு வேண்டிய சுற்று அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து கிடக்கிறது. 4.88 போட்டால் அதே 60 மைலில் மூன்றாவது கியர் 4,020 சுற்றுக்கு வந்துவிடும். டார்க், அதாவது முறுக்கு விசை, கிட்டத்தட்ட சமமாக ஓடுகிற இன்ஜின் இது, உச்ச டார்க்கே 4,800இல்தான். ஆக அந்தக் கியரில் கைக்குக் கிடைக்கிற பவர் 31 சதவீதம் கூடும். இன்ஜினில் புதிதாக எதுவும் சேரவில்லை, எட்டாத உயரத்தில் இருந்த பரணைக் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறோம்.

"ஒரு கியர் இறங்கினாலே போதும்" என்று நேற்று எழுதியவன் இந்த கியர்பாக்ஸை ஓட்டாதவன் மாதிரி எழுதியிருக்கிறான். நான்தான் அவன்.

5 மார்ச், மதியம்

இன்னொன்று. புது டயருக்கு ஏற்ப வேக மீட்டரைத் திருத்தினீர்களா? திருத்தாவிட்டால் மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 64.5 போய்க்கொண்டிருப்பீர்கள். லாரிக்காரன் ஹார்ன் அடித்தால் அது வேறு காரணம். மைலேஜ் விழுந்துவிட்டது என்று அழுகிறவர்களில் பாதிப்பேருக்கு ஓடிய தூரமே 7 சதவீதம் குறைவாகப் பதிவாகிறது.

11 மார்ச்

இன்று ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம் வரை ஏறி வந்தேன், இந்தப் பேச்சுக்காகவே. சுரங்கம் 11,000 அடிக்கு மேல். ஜார்ஜ்டவுன் தாண்டியதும் கியர்பாக்ஸ் மூன்று, நாலு, மூன்று, நாலு என்று ஊஞ்சலாடியது. கிழவர் நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருவது போல. கடைசியில் கையால் மூன்றில் தள்ளிப் பிடித்தேன். 52 மைல். வலப்பக்கத் தடத்தில் நான், எனக்கு முன்னால் படகு இழுத்துப் போகிற ஒருவர், பின்னால் பள்ளிப் பேருந்து.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 9.7 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. கடல்மட்டத்தில் 14.7. இன்ஜினுக்கு மூச்சில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கியர் மாற்றி அதைத் திருப்ப முடியாது. இந்த இடத்தில் சூப்பர்சார்ஜர் கட்சி மறுபடி ஜெயிக்கிறது: கடல்மட்டத்தில் 6.5 பிஎஸ்ஐ ஏற்றுகிற மெஷின், காற்றை ஏறத்தாழ 1.44 மடங்கு அழுத்துகிறது. 9.7ஐ 1.44ஆல் பெருக்கினால் 14. சுரங்க வாசலில் நின்றுகொண்டு கடற்கரை காற்றை மூச்சு வாங்கலாம். கொஞ்சம் சூடான கடற்கரை.

அதனால் கொலராடோவில் இருக்கிறவனுக்கு வருகிற பதிலும் ஃப்ளோரிடாவில் இருக்கிறவனுக்கு வருகிற பதிலும் ஒன்றல்ல. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

2 ஏப்ரல்

யூட்டாவில் இருக்கிற மோவாப் போய் வந்தோம், ஈஸ்டர் வாரம். ஊர் முழுக்க ஜீப், பெட்ரோல் பங்க்கில் கூட வரிசை. கூட வந்த நண்பருடைய வண்டியில் சூப்பர்சார்ஜர். இன்ஜின் தலையில் உட்காருகிற வகை, கீழ்ச் சுற்றிலிருந்தே அழுத்தம் கொடுக்கிறது. ஆக்ஸில் நம்முடைய அதே 3.73, டயரும் 35.

நெடுஞ்சாலையில் சாவியை மாற்றிக்கொண்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆசை வந்தது. மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டுகிறது. நாலாவது கியரிலேயே மேடு ஏறுகிறது. மெல்லிய விசில் சத்தம், விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

மறுநாள் ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாறைத்தடம். அங்கே கதை மாறிவிட்டது. பாறை முதுகில் டயரை வைத்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்த வேண்டிய இடத்தில் அவர் வண்டி ஒன்றுமே செய்யாது, பிறகு ஒரேயடியாகத் துள்ளும். இன்ஜின் எவ்வளவு பவர் வைத்திருந்தாலும் சக்கரம் அசைகிற வேகம் கியரில்தான் இருக்கிறது. லோ ரேஞ்சில், அதாவது பாறைக்கென்று இருக்கிற மெதுவான கியரில், நம் வண்டிக்கு மொத்தக் குறைப்பு முதல் கியர் 3.59 பெருக்கல் லோ ரேஞ்ச் 2.72 பெருக்கல் ஆக்ஸில் 3.73, ஆக 36. ராங்ளரிலேயே பாறைத்தடத்துக்கென்று வருகிற ரூபிகான் மாடலில், லோ ரேஞ்சைத் தருகிற டிரான்ஸ்ஃபர் கேஸில் 2.72க்குப் பதில் 4. எங்களுக்கு முன்னால் போன ரூபிகான் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து ஏறியது. சார்ஜர் இல்லை, ஒன்றுமில்லை. ஓட்டியவர் இடது கையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மணலில் அரைமணி நேரம் உழன்றதும் நண்பரின் மீட்டரில் 'ஹாட் ஆயில்' என்று எழுத்து வந்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் சூடு. வண்டி மேல் குற்றமில்லை. பெரிய டயர், எண் குறைந்த ஆக்ஸில் கியர், அதற்கு மேல் கூடுதல் டார்க். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பவரெல்லாம் எண்ணெயைத்தான் காய்ச்சும். நிழலில் நிறுத்தி முறுக்கு சாப்பிட்டோம். எங்கள் வீட்டு முறுக்கு, டார்க் இல்லை.

3 ஏப்ரல்

திரும்பும்போது நடந்ததை விட்டுவிட்டேன். வேல் கணவாய் (Vail Pass), 10,662 அடி. நண்பர் போனில் பதறுகிறார்: "பூஸ்ட் மீட்டர் நாலுக்கு மேல ஏறமாட்டேங்குது. பெல்ட் வழுக்குது போல." பெல்ட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெளிக்காற்றே 9.8 என்றால் அதை 1.44 மடங்கு அழுத்தினால் மேலே தெரிவது 4.3தான். மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பத்து நிமிடம் விளக்கினேன். இருந்தும் வீட்டுக்குப் போனதும் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்.

20 ஏப்ரல்

"சார்ஜர் போட்டால் என்ன பெட்ரோல்?" என்று ஒருவர். 91 ஆக்டேன்தான். கொலராடோவில் சாதா பெட்ரோல் 85. இன்ஜினை அழுத்தி ஊதும்போது 85 ஊற்றினால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கண்டபடி வெடித்து இன்ஜின் தட்டும், கம்ப்யூட்டர் பொறி வைக்கிற டைமிங்கைப் பின்னே இழுக்கும், வாங்கிய பவர் போய்விடும். மலைக்குள் ஒற்றை பங்க் ஊரில் 91 தீர்ந்துவிட்டது என்று அட்டை தொங்கினால் என்ன செய்வீர்கள்? இன்னொன்று: கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிற எண்ணம் இருந்தால், அந்த மாநில காற்று வாரியத்தின் அனுமதி எண் உள்ள கிட்டா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் புகைச் சோதனையில் கழற்றச் சொல்வார்கள். ஆக்ஸிலுக்குள் இருக்கிற பல்லை எந்தச் சோதனையிலும் யாரும் எண்ணுவதில்லை.

20 ஏப்ரல், கொஞ்சம் கழித்து

"இதுக்கு பேசாம புது ஜேஎல் வாங்கிடலாம்" என்று எழுதியவருக்கு: ராங்ளரின் அடுத்த தலைமுறைதான் ஜேஎல், வாங்கலாம்தான். எட்டு கியர், முதல் கியர் 4.71, நடுவில் பள்ளமே இல்லை. 8,500க்கே வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது, நீங்கள் வேறு.

14 ஜூன்

எங்கும் போகவில்லை. டுராங்கோ பக்கம் 1ஆம் தேதி பிடித்த காட்டுத்தீ இன்னும் எரிகிறது. சான் ஹுவான் தேசியக் காட்டையே முந்தாநாள் மூடிவிட்டார்கள். கியர் பேச்சு பேச மனமில்லை. வண்டியைக் கழுவினேன்.

22 ஜூலை

காடு திறந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று யூரேயிலிருந்து இமோஜீன் கணவாய் ஏறி டெல்லுரைட் பக்கம் இறங்கினோம். 13,114 அடி. இத்தனை மாதம் ஏற்றத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அசடு.

ஏறியது பிரச்சினையே இல்லை. லோ ரேஞ்ச், முதல் கியர், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டது. உச்சியில் பனித்திட்டு ஓரம் போட்டோ. அப்புறம் இறக்கம்.

இறக்கத்தில் வண்டி நிற்கமாட்டேன் என்கிறது. முதல் கியரில் விட்டாலும் 2,500 சுற்றில் ஏழு மைல் வேகம். தலையளவு கல் கிடக்கிற பாதையில் ஏழு மைல் என்பது ஓட்டம். அதனால் பிரேக். விட்டுப் பிடி, விட்டுப் பிடி. பெரிய டயர் என்றால் அதே பிரேக்குக்கு எதிராக நெம்புகோல் நீளம் கூடிவிட்டது, டயரின் கனமும் சேர்ந்து தள்ளுகிறது. கால் மணி நேரத்தில் கருகிய வாடை. மனைவி, "இது நம்ம வண்டியா?" என்றாள். "முன்னாடி போறவங்க வண்டி" என்றேன். முன்னால் யாரும் போகவில்லை.

ஒரு திருப்பத்தில் ஓரம்கட்டி, நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். எங்கள் மாமா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். "ஏறின கியர்லயே எறங்கணும்டா, பிரேக்கு நிறுத்துறதுக்கு, எறங்குறதுக்கு இல்ல" என்பார். ஏறின கியரில்தான், மாமா, நான் இறங்கினேன். அந்தக் கியரே போதவில்லை.

சூப்பர்சார்ஜர் இந்த இறக்கத்தில் எனக்கு என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. 4.88 இருந்தால் மொத்தக் குறைப்பு 36 என்பது ஏறத்தாழ 48 ஆகும். அதே 2,500 சுற்றில் வண்டி சுமார் 5.4 மைலில் இறங்கும். ஏழுக்கும் ஐந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நேற்றுக் காலை வரை நானும் கேட்டிருப்பேன்.

23 ஜூலை

பட்டறைக்கு போன் பண்ணி தேதி வாங்கிவிட்டேன். மார்ச் 4ஆம் தேதி "எதற்கு 2,100 டாலர்" என்று கேட்டவருக்கு பில் அனுப்பப்படும்.

19 ஆகஸ்ட்

4.88ஆ 5.13ஆ என்று இரண்டு வாரம் மண்டை காய்ந்தது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "5.13 போட்டால் பினியன் சின்னதாகி உடையும்" என்பது பாதிக் கதை. ஆக்ஸிலுக்குள் பினியன் என்பது ஓட்டுகிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்பது அது சுற்றுகிற பெரியது. 3.73இல் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 41. 4.88 என்றால் 8க்கு 39. 5.13 என்றால் 8க்கு 41. பல் குறைகிற பயம் இரண்டுக்கும் பொது. சஹாராவின் முன் ஆக்ஸில் டானா 30, பின்னாலிருக்கிற 44 அளவுக்குத் தாட்டியமானது இல்லை, அதுதான் உண்மையான கவலை. நான் பாறையில் காலைத் தூக்கி ஆடுகிறவன் இல்லை. மேல் கியரில் 65 மைலில் 4.88 என்றால் 2,560 சுற்று, 5.13 என்றால் 2,700. டென்வர்–மோவாப் ஆறு மணி நேர ஓட்டத்தை நினைத்து 4.88 சொல்லிவிட்டேன்.

உங்கள் வண்டி 3.21 ஆக்ஸிலோடு வந்திருந்தால் கிரவுனைத் தாங்குகிற கேரியரும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள், செலவு ஏறும். கேட்டுவிட்டுப் போங்கள். முன்னுக்கு மட்டும் இப்போது, பின்னுக்கு அடுத்த மாதம் என்று தவணை வைக்கவும் முடியாது. இரண்டும் ஒரே எண்ணாக இல்லாமல் நாலு சக்கரத்தையும் பூட்டினால் ஏதாவது ஒன்று முறியும்.

2 செப்டம்பர்

வண்டி வந்துவிட்டது. முதல் நாள் 20 மைல் ஓட்டி நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி 20 மைல். 500 மைல் வரை எதையும் இழுக்கக் கூடாது, அப்புறம் எண்ணெய் மாற்ற வேண்டும். புது மாப்பிள்ளை உபசாரம்.

ஆனால் 52இலிருந்து 58 மைலுக்குள், காலை எடுக்கும்போது மட்டும், பின்னாலிருந்து ஒரு ஊளை. கொசு காதுக்குள் பாடுகிற மாதிரி. பட்டறையில், "புது கியர் அப்படித்தான், டயர் சத்தமா இருக்கும்" என்கிறார்கள். டயர் சத்தம் காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நிற்குமா?

9 செப்டம்பர்

விடவில்லை. பக்கத்திலேயே நிற்பேன் என்று சொல்லி மூடியைத் திறக்கவைத்தேன். கிரவுன் பல்லில் மஞ்சள் பசையைத் தடவி கையால் சுற்றிப் பார்த்தால் பினியன் பல் எங்கே உரசுகிறது என்று அச்சு விழும். பல்லின் நடுவில் விழவேண்டும். மிதிக்கிற பக்கத்தில் நடுவில்தான் இருந்தது. காலை எடுக்கிற பக்கத்தில் ஓரத்துக்குப் போய் ஒட்டியிருந்தது, வெற்றிலைச் சுண்ணாம்பை விளிம்பில் மட்டும் தடவிய மாதிரி. இளைஞர் ஒருவர், என்னிடம் ஒன்றும் பேசாமல், பினியனை வெளியே இழுத்து அடியில் இருந்த ஷிம் என்கிற மெல்லிய வளையத்தை மாற்றினார். தலைமுடி அளவு கூட இருக்காது. மறுபடி பசை, மறுபடி சுற்று. மூன்றாவது தடவை அச்சு நடுவில் வந்து உட்கார்ந்தது. பல்லிடைவெளியை டயல் வைத்து எனக்குக் காட்டினார்: 8 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. ஆறிலிருந்து பத்துக்குள் இருந்தால் போதும்.

ஊளை போய்விட்டது. கூலி கேட்கவில்லை. முதல் தடவையே இந்த இளைஞரிடம் கொடுத்திருக்கலாம்.

16 செப்டம்பர்

மறுபடி ஐசனோவர். மூன்றாவது கியர், 4,000 சுற்று, 60 மைல், ஊஞ்சல் இல்லை. ஜார்ஜ்டவுன் மேட்டில் ஏறத்தாழ எட்டு மைல் வேகம் கூடியிருக்கிறது. பறக்கவில்லை. உச்சியில் மூச்சு வாங்கத்தான் செய்கிறது, 9.7 பிஎஸ்ஐ அப்படியேதான் இருக்கிறது. நண்பரின் சார்ஜர் வண்டி இடது தடத்தில் கை காட்டிக்கொண்டே தாண்டிப் போனது. போகட்டும்.

மைலேஜ், மீட்டர் திருத்திய பிறகு, முன்பு கேலனுக்கு 15.5 மைல், இப்போது 15.8. கூடும் என்றும் சொல்லமாட்டேன், குறையும் என்றும் சொல்லமாட்டேன். இதை எழுதாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

17 செப்டம்பர்

"அப்போ கியர்தான் சரின்னு சொல்றீங்க" என்று கேட்காதீர்கள். எனக்கு இறக்கம்தான் பிரச்சினையாக இருந்தது, அது தெரியவே ஐந்து மாதம் ஆனது. பனிச்சறுக்குக்கு வாராவாரம் தார்ச்சாலையில் மட்டும் ஏறி இறங்குகிற ஆளிடம் போய் டானா 44 புராணம் பாடமாட்டேன். அவருக்கு சார்ஜர் பிடிக்கும், காசும் 91 பெட்ரோலும் இருந்தால்.

30 செப்டம்பர்

எண்ணெய் மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றினேனா, சும்மா இருக்காமல் குளியலறை எடை மெஷினைத் தூக்கி வந்து நிறுத்திப் பார்த்தேன். ஸ்டெப்னியாகத் தொங்குகிற பழைய 32, ரிம்மோடு 76 பவுண்டு. 35, ரிம்மோடு 101. நாலு சக்கரத்துக்கு 100 பவுண்டு கூடுதல், அதுவும் சுழல்கிற இடத்தில், விளிம்பில். சிக்னலில் கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் இந்த 100ஐயும் உருட்டித் துவக்கவேண்டும், நிறுத்தும்போது அடக்கவேண்டும். பத்து அடுக்கு லாரி டயர் மாதிரி ஒன்றை, "கெட்டியாக இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். அதே அளவில் கனம் குறைந்தது இருந்திருக்கிறது, பார்க்கவில்லை. இந்த எடை பார்க்கிற வேலை மார்ச் மாதமே செய்திருக்க வேண்டியது.

எடை மெஷினில் டயர் தடம் பதிந்துவிட்டது. அது தனிக் கதை.

7 அக்டோபர்

மார்ச்சில் கேள்வி கேட்டவர் ஏழு மாதம் கழித்து நேற்று எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்தாராம். கியரும் மாற்றவில்லை, சார்ஜரும் வாங்கவில்லை. எடைக் கதையைப் படித்துவிட்டு அடுத்த நாளே கனம் குறைந்த 33 டயர் போட்டுவிட்டாராம். "வண்டி பழையபடி வந்துடுச்சு சார்" என்கிறார். சந்தோஷம்.

ஐந்து 35 டயர் கராஜில் சும்மா கிடக்கிறதாம், யாருக்காவது வேண்டுமா என்று கேட்கிறார். எனக்கு ஒன்று வேண்டும், ஸ்டெப்னிக்கு. விலை சொல்லுங்கள். எடையும் சொல்லுங்கள்.